மங்கிய டிஸ்ப்ளேயை மீட்பது

பழைய ஆடியோ செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஸ்பீக்கரை மாட்டி, ஒரு பாட்டுப் போட்டு, இடது வலது இரண்டும் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். முன்பக்க எழுத்து சரியாகத் தெரியவில்லையே என்று கேட்டால், “வெளிச்சத்துல அப்படித்தான் சார் இருக்கும், வீட்ல போட்டுப் பாருங்க” என்பார் கடைக்காரர். வீட்டில் விளக்கை அணைத்த பிறகும் எந்த ஸ்டேஷன், எத்தனையாவது பாட்டு, வால்யூம் எவ்வளவு என்பது கண்ணைச் சுருக்கினால்தான் தெரியும்.

எழுத்து மங்கியதும் டிஸ்ப்ளே தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, வேறு டிஸ்ப்ளே தேடி அலைவதுதான் இதில் பலரும் செய்யும் தவறு. கோளாறு ரிமோட்டில் இருக்கலாம், முன்கண்ணாடியின் அழுக்கில் இருக்கலாம், டிஸ்ப்ளேக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் காய்ந்துபோன ஒரு சின்னக் கண்டென்சரில் இருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் டிஸ்ப்ளே மீது சந்தேகப்பட வேண்டும். அதனால் இந்த அத்தியாயத்தின் வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாத வேலை முதலில் வருகிறது, திரும்ப முடியாத வேலை கடைசியில் வருகிறது.

உங்கள் செட்டில் இருப்பது எந்த வகை?

1980, 90களில் வந்த ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர், டெக், சி.டி. பிளேயர், மினி செட் ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது வி.எஃப்.டி. என்ற வகை. நீலப்பச்சை நிறத்தில் தானாகவே ஒளிரும் எழுத்து. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், எழுத்துகளுக்கு முன்னால் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் குறுக்கே ஓடுவது தெரியும். தெரிந்தால் அது வி.எஃப்.டி.தான்.

கறுப்பு எழுத்தும் பின்னால் வெளிச்சமும் இருந்து, சாய்த்துப் பார்த்தால் எழுத்து மறைந்தால் எல்.சி.டி. அதில் மங்குவது எழுத்து அல்ல, பின்னால் இருக்கும் விளக்கு. 1970களின் ரிசீவர்களில் ஊசி நகரும் டயலும் அதற்குப் பின்னால் சிறு பல்புகளும் இருக்கும். இந்த இரண்டையும் கடைசியில் சுருக்கமாகப் பார்ப்போம். அதிகம் குழப்புவது வி.எஃப்.டி. என்பதால் அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கே.

அது வேலை செய்யும் விதத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். அது ஒரு தட்டையான வால்வு. காற்று எடுக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டி. முன்னால் ஓடும் மெல்லிய கம்பிகள்தான் ஃபிலமென்ட். அது லேசாகச் சூடாகி எலக்ட்ரான்களை விடும். பின்னால் இருக்கும் எழுத்து வடிவத் தகடுகளில் ஒளிரும் பூச்சு உண்டு. எலக்ட்ரான் மோதினால் பூச்சு ஒளிரும். ஆக, பிரகாசத்துக்கு மூன்று வேண்டும்: ஃபிலமென்ட்டுக்குப் போதிய சூடு, தகட்டுக்குப் போதிய வோல்டேஜ், தேயாத பூச்சு. முதல் இரண்டையும் நம்மால் சரிசெய்ய முடியும். மூன்றாவதை முடியாது.

மூடியைத் திறக்காமல் செய்ய வேண்டியவை

1. ரிமோட்டில் ‘டிம்மர்’ என்ற பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு முறையாக அழுத்தி ஒரு சுற்று வாருங்கள். பழைய செட் பெரும்பாலும் ரிமோட் இல்லாமல்தான் கைக்கு வரும். முன்பு வைத்திருந்தவர் டிம்மரைக் குறைத்து வைத்திருந்தால், ரிமோட் இல்லாமல் அதைக் கூட்ட வழி தெரியாமல் தவிப்போம். அந்த மாடலின் கையேட்டில் முன்பக்க பட்டன்கள் வழியாக மாற்றவோ, ரீசெட் செய்யவோ வழி சொல்லியிருக்கிறதா பாருங்கள்.

2. யமஹா, டெனான், மராண்ட்ஸ் செட்களில் ‘பியூர் டைரக்ட்’ என்ற பட்டன் உண்டா பாருங்கள். அது டிஸ்ப்ளேயை வேண்டுமென்றே அணைக்கும் வசதி, கோளாறு அல்ல.

3. பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்குச் செய்த செட் 100 வோல்ட் கேட்கும். அதை நேராக நம் 230 வோல்ட்டில் சொருகினால் டிஸ்ப்ளே பற்றிக் கவலைப்படத் தேவையே இருக்காது, செட் முழுவதும் போய்விடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால், அது நம்மூர் வோல்டேஜில்தான் நிற்கிறதா என்று செட்டைச் சொருகும் முன்பே பாருங்கள்.

4. சாயங்காலம் மட்டும் மங்குகிறதா? வீட்டு வோல்டேஜை அளந்து பாருங்கள். வி.எஃப்.டி.யின் ஃபிலமென்ட் பல செட்களில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கிறது. வீட்டில் 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் ஃபிலமென்ட்டுக்கும் அதே விகிதத்தில் குறையும். பாட்டு நன்றாகவே கேட்கும், எழுத்து மட்டும் சோர்ந்துவிடும். இதற்கு ஸ்டெபிலைசர்தான் மருந்து, சால்டரிங் அல்ல.

5. முன்கண்ணாடியைத் துடையுங்கள். அது பெரும்பாலும் கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். மெல்லிய பருத்தித் துணியை லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் படக் கூடாது. பிளாஸ்டிக் பனி படர்ந்ததுபோல் வெளுத்துவிடும், அச்சடித்த எழுத்தும் அழிந்துவிடும்.

வெளிப்புறம் துடைத்து வித்தியாசம் தெரியாவிட்டால் ஏமாற வேண்டாம். உள்புறத்திலும் படலம் இருக்கும். ஊதுபத்தி, சிகரெட், சமையல் புகை எல்லாம் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே போய் மஞ்சள் படலமாக ஒட்டிக்கொள்ளும். பூஜை அறை ஒட்டிய கூடத்தில் இருந்த செட்டில் இதை நிச்சயம் எதிர்பார்க்கலாம். திறக்கும்போது முதல் வேலையாக அந்த உள்பக்கத்தையும் வி.எஃப்.டி. கண்ணாடியையும் துடையுங்கள். வி.எஃப்.டி. நிஜக் கண்ணாடி, அதற்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் பயன்படுத்தலாம். முன் பிளாஸ்டிக்கில் அதுவும் வேண்டாம்.

திறப்பதற்கு முன்: பாதுகாப்பு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு மெக்கானிக்கிடம் போவது நல்லது.

1. பவர் பட்டனை அணைப்பது போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, கண்ணில் படும் இடத்தில் மேசைமேல் வையுங்கள்.

2. ஆம்ப்ளிஃபயரில் பெரிய உருளைக் கண்டென்சர்கள் இருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அவற்றில் 50, 60 வோல்ட் தங்கியிருக்கலாம். 470 ஓம், 5 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள வயரைப் பற்றவைத்து, அதைக் கண்டென்சரின் இரு முனைகளிலும் அரை நிமிடம் வைத்துப் பிடியுங்கள். பிறகு மீட்டரை வைத்துப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று வெடிக்கவிடுவது பல கடைகளில் நடக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

3. பவர் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல செட்களில் அது முன்பக்கத்தில், டிஸ்ப்ளே போர்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். அதன் பின்முனைகளில் 230 வோல்ட் வரும். செட்டை ஓட விட்டு அளக்கப் போகிறோம் என்பதால், பிளக் உருவிய நிலையிலேயே அந்த முனைகளை இன்சுலேஷன் டேப்பாலோ கெட்டி அட்டையாலோ மூடிவிடுங்கள்.

4. உள்ளே பெரிய இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதிலாகச் சிறிய எஸ்.எம்.பி.எஸ். போர்டு இருந்தால் (டி.வி.டி. ஹோம் தியேட்டர்களில் இதுதான் வழக்கம்), இந்த அத்தியாயத்தின் அளக்கும் பகுதியை நீங்கள் செய்ய வேண்டாம். அந்தப் போர்டின் ஒரு பகுதியில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பழகாத கைக்கு அது உயிர் பறிக்கும் இடம்.

5. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் வேலை செய்யுங்கள். காலில் ரப்பர் செருப்பு. கையில் மோதிரம், வாட்ச் வேண்டாம். தனியாக வீட்டில் இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

6. வி.எஃப்.டி.யின் ஓரத்திலோ பின்புறத்திலோ கூம்பிய கண்ணாடி மூக்கு ஒன்று இருக்கும். காற்றை எடுத்த பிறகு உருக்கி மூடிய இடம் அது. அதன் நுனி உடைந்தால் அந்த டிஸ்ப்ளே அதோடு முடிந்தது.

கருவிகள்: மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ள 60/40 ஈயம், ஈயம் உறிஞ்சும் பம்ப், பூதக்கண்ணாடி, முதலைவாய் கிளிப் வைத்த வயர். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் வாங்கலாம். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கண்ணால் செய்யும் சோதனை

மீட்டரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, டிஸ்ப்ளேயின் எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் எரியும்படி செய்ய வேண்டும். பல செட்களில் இரண்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தியபடி பவர் போட்டால் டெஸ்ட் மோடுக்குப் போகும். எந்தப் பட்டன்கள் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். வழி தெரியாவிட்டால் சி.டி., டேப், டியூனர் என்று மாற்றி மாற்றிப் போட்டு, அதிகம் எரியாத எழுத்துகளை வரவழையுங்கள். பிறகு எது எப்படி மங்கியிருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள்.

எப்போதும் எரிந்துகொண்டிருந்த எழுத்துகள் (கடிகார எண்கள், ‘ஸ்டீரியோ’, வால்யூம்) மங்கலாகவும், எப்போதாவது எரியும் எழுத்துகள் பளிச்சென்றும் இருந்தால், பூச்சு தேய்ந்திருக்கிறது. அந்தப் பளிச்சென்ற எழுத்தே மின்சாரம் சரியாக வருகிறது என்பதற்குச் சாட்சி. இரவும் பகலும் கடிகாரம் காட்டிய மினி செட்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். இதற்கு மேல் கண்டென்சர் மாற்றிப் பயனில்லை. நேராக ‘டிஸ்ப்ளேயையே மாற்றுவது’ பகுதிக்குப் போங்கள்.

எல்லா எழுத்தும் ஒரே அளவில் மங்கியிருந்தால் மின்சாரப் பகுதி மீது சந்தேகம். அதிலும், போட்டவுடன் மங்கலாக இருந்து பத்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் தெளிந்தால் காய்ந்த கண்டென்சர்தான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். சூடேறியதும் அதற்குக் கொஞ்சம் உயிர் வருகிறது.

ஒரே ஒரு எண் மட்டும், அல்லது ஒரு கட்டம் மட்டும் மங்கினால் டிரை சால்டர் (விரிசல் விட்ட ஈயப் பற்று), இல்லாவிட்டால் அதை ஓட்டும் ஐ.சி. குறுக்குவாட்டில் ஒரு பட்டை மட்டும் இருண்டிருந்தால் ஃபிலமென்ட் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. அணைந்திருக்க வேண்டிய எழுத்துகளும் பேய்போல லேசாகத் தெரிந்தால், ஃபிலமென்ட்டுக்குச் சில வோல்ட் பயஸ் கொடுக்கும் ஜீனர் டயோடைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்குள் ஒரு மூலையில் பளபளக்கும் வெள்ளி அல்லது கறுப்புத் திட்டு இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

அளந்து பார்ப்பது

ஓடுகிற செட்டுக்குள் கையை விட்டு அளக்கக் கூடாது. பிளக்கை உருவி, மீட்டர் வயரைக் கிளிப்பில் மாட்டி, கையை எடுத்து, பிறகு பிளக்கைப் போட்டு எண்ணைப் படித்து, மீண்டும் உருவ வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் இதே வரிசை. சலிப்பாக இருக்கும். ஆனால் கிளிப் நழுவி இரண்டு முனைகளை ஷார்ட் செய்தால் கிடைக்காத ஐ.சி. ஒன்று போய்விடும்.

1. டிஸ்ப்ளே போர்டுக்கு வரும் கனெக்டரைக் கண்டுபிடியுங்கள். ஓரத்தில் எஃப்1, எஃப்2 என்றும், மைனஸ் வி.பி. அல்லது மைனஸ் வி.கே.கே. என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

2. மீட்டரை ஏ.சி.யில் வைத்து எஃப்1, எஃப்2 இரண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். சின்ன டிஸ்ப்ளேக்கு 2 முதல் 3 வோல்ட், அகலமானதற்கு 4 முதல் 6 வோல்ட் வரை இருக்கலாம். சரியான எண்ணுக்கு மேனுவலைப் பாருங்கள்.

3. மீட்டரை டி.சி.க்கு மாற்றி, கறுப்பு வயரைச் சேசிஸ் எர்த்திலும் சிவப்பை மைனஸ் வி.பி.யிலும் மாட்டுங்கள். மைனஸ் 20 முதல் மைனஸ் 40 வரை ஏதோ ஒரு எண் வரும். மைனஸ் 30 என்று மேனுவல் சொல்லி, உங்களுக்கு மைனஸ் 18 வந்தால் கோளாறு கையில் சிக்கிவிட்டது.

4. அதே இடத்தில் ஏ.சி. அலை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள். மலிவான மீட்டர் ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். சிவப்பு வயரோடு 0.1 மைக்ரோஃபாரட், 100 வோல்ட் கண்டென்சர் ஒன்றைத் தொடராகச் சேர்த்து அளந்தால் அந்தக் குழப்பம் வராது. அரை வோல்ட்டுக்கு மேல் அலை இருந்தால் ஃபில்டர் கண்டென்சர் தளர்ந்துவிட்டது.

குறிப்பு: சில மினி செட்களில் இந்த வோல்டேஜ்கள் நேராக டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வராமல், டிஸ்ப்ளே அருகிலேயே உள்ள சின்ன கன்வர்ட்டரில் உருவாகும். அங்கே ஃபிலமென்ட்டின் ஏ.சி. மிக வேகமாக அதிரும். சாதாரண மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அந்தக் கன்வர்ட்டரைச் சுற்றியுள்ள சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் மூன்று நான்கையும் அளக்காமலே மாற்றிவிடலாம். செலவு மிகக் குறைவு.

கண்டென்சரும் அதன் உறவினர்களும்

மைனஸ் வி.பி. குறைவாக இருந்தால் கனெக்டரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். வழியில் வரிசையாக ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ஜீனர், ஒரு ஃபில்டர் கண்டென்சர், ஒரு டயோடு, ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். கண்டென்சரின் மேலேயே வோல்டேஜ் குறைவு என்றால் கோளாறு அதிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அங்கே சரியாக இருந்து டிரான்சிஸ்டரைத் தாண்டியதும் குறைந்தால் ஜீனர் அல்லது டிரான்சிஸ்டர். போர்டு பழுப்பேறிய இடத்தில் இருக்கும் ஜீனரை முதலில் சந்தேகப்படுங்கள். வருடக்கணக்கில் சூட்டில் வெந்த இடம் அது.

கண்டென்சர் மாற்றும்போது:

1. பழையதன் மீது எழுதியிருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் என்றால், அதே 100 மைக்ரோஃபாரட். வோல்ட் 50 அல்லது 63. வோல்ட் கூடலாம், குறையக் கூடாது. 105 டிகிரி என்று எழுதியதாகக் கேட்டு வாங்குங்கள்.

2. கழற்றுவதற்கு முன் மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று போன் கேமராவில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இது மைனஸ் லைன். இங்கே கண்டென்சரின் பிளஸ் முனைதான் எர்த்துக்குப் போகும். ‘எர்த் என்றால் மைனஸ்’ என்ற பழக்கத்தில் திருப்பி மாட்டுகிறவர்கள் அதிகம். மாட்டினால் கண்டென்சர் உப்பி வெடிக்கும்.

3. ஈயத்தை உறிஞ்சியபின் கால்கள் தாமாகவே வெளியே வர வேண்டும். இழுத்துப் பிடுங்கினால் செம்புத் தடம் உரிந்துவிடும்.

4. ரெசிஸ்டர் போயிருந்தால் அது ஃபியூசிபிள் வகையா என்று பாருங்கள். அதிக கரண்ட் வந்தால் தீப்பிடிக்காமல் தானே அறுந்து போவதற்காக வைத்தது அது. அந்த இடத்தில் சாதாரண கார்பன் ரெசிஸ்டர் போடுவது ஃபியூஸுக்குப் பதில் கம்பி கட்டும் பழக்கத்தைச் சேர்ந்தது. செய்யாதீர்கள். அது ஏன் அறுந்தது என்றும் பார்க்க வேண்டும்; டயோடோ கண்டென்சரோ ஷார்ட் ஆகியிருக்கலாம்.

5. முதன்முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்ட சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட். சீரிஸ் பல்பு இருக்கும்போது செட்டுக்கு வோல்டேஜ் குறைவாகத்தான் போகும். அப்போது டிஸ்ப்ளே மங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். நேர் லைனில் போட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

டிரை சால்டர்

வோல்டேஜ் எல்லாம் சரி, ஆனாலும் ஒரு எண் மட்டும் மங்கல், அல்லது முன்பக்கத்தைத் தட்டினால் வருகிறது போகிறது என்றால் பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். கனெக்டர் பின்கள், சூடாகும் டிரான்சிஸ்டரின் கால்கள், டிஸ்ப்ளேயின் கால்கள் ஆகிய மூன்று இடங்களிலும் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரியும். பழைய ஈயத்தின்மேல் சூடு காட்டினால் மட்டும் போதாது. கொஞ்சம் புது ஈயம் சேர்த்தால்தான் அதிலுள்ள ரோசின் வேலை செய்யும். டிஸ்ப்ளேயின் கால்கள் கண்ணாடிக்குள் போகின்றன. ஒரு காலில் மூன்று நொடிக்கு மேல் அயர்னை வைக்காதீர்கள். அடுத்தடுத்த கால்களைத் தொடர்ந்து சுடாமல், இங்கொன்று அங்கொன்றாக மாற்றிச் செய்யுங்கள்.

ஃபிலமென்ட்டைத் தூண்டுவது: என் கருத்து

பூச்சு தேய்ந்த டிஸ்ப்ளேக்கு ஃபிலமென்ட் வோல்டேஜைக் கூட்டினால் பளிச்சென்று வரும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் வரும்தான். ஃபிலமென்ட் வழியில் தொடராக உள்ள ரெசிஸ்டரைச் சற்றுக் குறைத்து, 10 சதவீதம் வரை கூட்டிப் பார்க்கலாம். இருட்டறையில் பார்க்கும்போது கம்பி கண்ணுக்குத் தெரியாமலோ, தெரிந்தும் தெரியாத மங்கிய சிவப்பாகவோ இருக்க வேண்டும். ஆரஞ்சாக ஒளிர்ந்தால் அளவு மீறிவிட்டது. கம்பியின் மேற்பூச்சு ஆவியாகிக்கொண்டிருக்கிறது.

சில நொடிகள் அதிக வோல்டேஜ் கொடுத்துக் கம்பியைப் பழுக்கவைத்துச் ‘சுத்தம்’ செய்யும் வித்தையும் உண்டு. ஃபிலமென்ட் சோர்ந்திருந்தால் அது பலன் தரலாம், அறுந்தும் போகலாம். பூச்சு தேய்ந்திருந்தால் பலனே இல்லை. எழுத்து மங்கலாகவாவது படிக்க முடிகிற செட்டில் இதைச் செய்து, அதையும் இழப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஸ்ப்ளேயையே மாற்றுவது

டிஸ்ப்ளேயின் கண்ணாடியில் அல்லது ஓரத்தில் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். ஃபுட்டாபா, நோரிடாக்கே, என்.இ.சி. போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக எழுத்து அமைத்துச் செய்தவை இவை. அதே அகலம், அதே எண்ணிக்கைக் கால்கள் என்பதால் மட்டும் வேறு மாடலின் டிஸ்ப்ளே பொருந்திவிடாது. அதே மாடலில் ஆம்ப்ளிஃபயர் பகுதி எரிந்துபோன செட் ஒன்றைத் தேடுவதுதான் நடைமுறை வழி. அதை வாங்குமுன் டிஸ்ப்ளே எரிவதைக் கண்ணால் பாருங்கள். தேய்ந்ததைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததை மாட்டிய கதைகள் நிறைய உண்டு.

கால்கள் 30, 40 இருக்கும். ஒவ்வொன்றிலும் ஈயத்தை முழுக்க எடுத்து, கால் துளைக்குள் அசைகிறதா என்று பார்த்த பிறகே தூக்குங்கள். நெம்பக் கூடாது. போர்டோடு சேர்த்து மாற்ற முடிந்தால் அதுவே மேல்.

எல்.சி.டி.யின் பின்விளக்கு

கோதுமை மணி அளவில் ஒரு சின்ன பல்பு, மேலே பச்சை அல்லது நீல ரப்பர் உறை. பல்பு கறுத்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். அதே வோல்ட் பல்பு கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் எல்.இ.டி. போடலாம்.

கணக்கு எளிது. பல்புக்கு வந்தது 12 வோல்ட் டி.சி., வெள்ளை எல்.இ.டி. எடுப்பது சுமார் 3 வோல்ட் என்றால் மீதி 9. 10 மில்லியாம்பியர் ஓட 900 ஓம் வேண்டும். கடையில் கிடைக்கும் 1 கிலோ ஓம், கால் வாட் போதும். வருவது ஏ.சி. என்றால் எல்.இ.டி.க்குக் குறுக்கே ஒரு 1என்4148 டயோடைத் தலைகீழாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்திசை வோல்டேஜில் எல்.இ.டி. போய்விடும்.

குறிப்பு: எல்.இ.டி. ஒரே திசையில் அடிக்கும். நடுவில் பளிச்சும் ஓரத்தில் இருட்டுமாகத் தெரியும். அதன் தலையை நைஸ் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் வெளிச்சம் பரவும். பழைய நிறம் வேண்டுமானால் அந்த ரப்பர் உறையை எறிந்துவிடாதீர்கள்.

விளக்கு நன்றாக எரிந்தும் நடுவில் பழுப்புக் கறை இருந்தால், பல்பின் சூட்டில் போலரைசர் தாள் வெந்திருக்கிறது. அது இந்த அத்தியாயத்துக்கு அப்பாற்பட்ட வேலை.

டயல் பல்பு

1970களின் மராண்ட்ஸ், பயனியர், சான்சுய் ரிசீவர்களில் ஃபியூஸ் வடிவத்தில் பல்புகள் இருக்கும். 6.3 அல்லது 8 வோல்ட், 250 மில்லியாம்பியர் அளவில் வரும். முனையில் பொறித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். வெளிச்சம் போதவில்லை என்று அதிகக் கரண்ட் இழுக்கும் பல்பு போட்டால், முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் உருகும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகும். எல்.இ.டி.க்கு மாற்றினால் சூடு குறையும், ஆனால் அந்தக் கால டயலின் கதகதப்பான நிறம் போய்விடும். எனக்கு அது பிடிக்கவில்லை. உங்கள் வீடு, உங்கள் விருப்பம். பல்புக்கு முன்னால் உள்ள காகிதம் மஞ்சளாகிக் கருகியிருந்தால், அதே அளவில் புது டிரேசிங் பேப்பர் வெட்டி வையுங்கள். பல்பை மாற்றாமலே டயல் தெளிந்துவிடுவதும் உண்டு.

மூடுவதற்கு முன்னும் வாங்குவதற்கு முன்னும்

வேலை முடிந்ததும் செட்டை மூடாமல் அரை மணி நேரம் ஓட விடுங்கள், யாரும் கை வைக்காத இடத்தில். பிறகு அணைத்து, பிளக்கை உருவி, மாற்றிய பாகங்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி அளக்க வேண்டும். ரிப்பன் கேபிள் மூடியில் நசுங்கவில்லை என்று பார்த்து ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

மீண்ட டிஸ்ப்ளே நீடிக்க வேண்டுமானால், கடிகாரம் இரவு முழுக்க ஒளிர வேண்டாம். செட்டில் டிஸ்ப்ளே அணைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், டிம்மரை நடுவில் வையுங்கள். கேட்காத நேரத்தில் சுவரிலேயே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அடுத்த செட் வாங்கப் போகும்போது, கடையில் முன்பக்கத்தின்மேல் கையைக் குவித்து நிழல் கட்டிப் பாருங்கள். எல்லா எழுத்தும் சமமாக மங்கியிருந்தால், அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம். சரியாகிவிட வாய்ப்பு அதிகம். கடிகார எண்கள் மட்டும் மங்கி மற்றவை பளிச்சென்று இருந்தால் அந்த டிஸ்ப்ளே இனித் தெளியாது. அதோடு வாழ முடியும் என்றால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.